வாவியில் மூழ்கிய படகு: கனமானது எது?

கிணற்றில் வாளி விட்டு நீர் இறைத்தவர்களின் கைகளுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். வாளி நீருக்குள் இருக்கும்வரை கயிற்றில் பாரமே இராது. நிரம்பிய வாளி நீர்மட்டத்தை விட்டு மேலே கிளம்பும்போதுதான் கயிறு விறைத்து உள்ளங்கையை அறுக்கும். மூழ்கிய படகைத் தூக்குவது பற்றி நான் சொல்லப்போவதில் பாதி அந்த வாளிக்குள்ளேயே இருக்கிறது. மீதிப் பாதி சேறு. இரண்டுக்கும் முன்னால் "இது யாருடைய படகு?" என்ற கேள்வி வந்து நிற்கும்.

மட்டக்களப்பில் வயதானவர்களிடம் "சூறாவளி" என்று சொன்னால், எந்தச் சூறாவளி என்று திருப்பிக் கேட்கமாட்டார்கள். 1978 நவம்பர் 23தான் அவர்களுக்குச் சூறாவளி. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை நாவலடிக் கரையைக் கடந்து வள்ளங்களை எங்கள் வாவிக்குள், அதாவது கடலோடு வாய் திறக்கும் உப்பங்கழிக்குள், வீசியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. பெரும்புயல் வேண்டும் என்றுகூட இல்லை. மாரியில் நான்கு நாள் அடைமழையும் கொஞ்சம் வாடைக்காற்றும் சேர்ந்தால் போதும், வாவிக்கரையில் கட்டிய படகுகளில் சில காணாமல் போயிருக்கும். அவை எங்கும் போகவில்லை. கட்டிய இடத்திலேயே, கயிற்றோடு, அடியில் கிடக்கும்.

படகு ஏன் மூழ்குகிறது?

அலை அடித்துக் கவிழ்த்தது என்றுதான் எல்லோரும் நினைப்போம். கடலில் அது சரி. வாவியில் பெரும்பாலும் மழைதான் மூழ்கடிக்கிறது. 200 மில்லிமீட்டர் மழை என்று வானொலியில் சொல்கிறார்களே, அதன் பொருள் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 200 லீற்றர் நீர் விழுகிறது என்பதுதான். பதினெட்டடி பைபர் படகு ஒன்றின் வாய் ஆறேழு சதுர மீட்டர் பரப்பு இருக்கும். இறைத்து ஊற்ற யாரும் இல்லாமல் ஓர் இரவு நின்றால் ஒரு டன்னுக்கு மேல் நீர் ஏறிவிடும். இஞ்சின் பின்பக்கம் தொங்குவதால் நீர் பின்னுக்கு ஓடும், பின்பக்கம் தாழும், தாழ்ந்த விளிம்பின் மேலால் வாவி உள்ளே வரும். பிறகு நடப்பதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

இன்னொரு காரணம் கயிறு. நீர் குறைவாக இருந்த நாளில் படகுக்காரர் கரையோரக் கண்ணா மரத்தின் (சதுப்புநில மரம்) வேரில் இறுக்கிக் கட்டிவிட்டுப் போயிருப்பார். வெள்ளத்தில் வாவி மூன்று நான்கு அடி உயரும். படகு மேலே எழ முயலும், கயிறு அணியத்தை, அதாவது படகின் முன்பக்கத்தை, கீழே பிடித்து இழுக்கும். படகைக் காப்பாற்றக் கட்டிய கயிறே அதை மூழ்கடித்துவிடும். புதிய பைபர் படகுகளில் தட்டுக்களுக்கு அடியில் நுரை நிரப்பியிருப்பதால் அவை முழுதாகத் தாழாமல் தலை காட்டிக்கொண்டு மிதக்கும். பழைய படகில் அந்த நுரையே நீரை உறிஞ்சி ஊறிப்போயிருக்கும். அதை நம்ப முடியாது.

அப்படியே விட்டால் என்ன?

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீளம். வடக்கே ஏறாவூர்ப் பக்கம் தொடங்கித் தெற்கே அம்பாறை மாவட்டத்துக்குள்ளும் போகிறது. இவ்வளவு நீளம் இருந்தாலும் ஆழம் அதிகம் இல்லை. பல இடங்களில் ஓராள் ஆழம், அதற்குச் சற்று மேல். ஆழ்கடலில் விழுந்தது விழுந்ததுதான், யாருக்கும் இடைஞ்சல் இல்லை. ஓராள் ஆழத்தில் ஒரு படகு கிடந்தால் அதன் விளிம்பு நீர்மட்டத்துக்கு ஒரு முழம் கீழே காத்திருக்கும். விடிவதற்கு முன் தோணியில் வலை எடுக்கப் போகிறவர் அதில் மோதினால் தோணி பிளக்கும். இஞ்சின் படகு என்றால் நீருக்குள் சுழலும் காற்றாடி உடையும். வலைக்காரருக்கு இன்னும் மோசம்: வலை சிக்கும், அறுத்துவிட்டுத்தான் வர வேண்டும். அறுந்து தொங்கும் வலையோ ஆளில்லாமலே மீனையும் நண்டையும் பிடித்துச் சாகடித்துக்கொண்டே இருக்கும்.

வாவியைக் குறுக்கே கடக்கும் பாதைகளையும் நினைத்துப் பாருங்கள். வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம்: எங்கள் ஊரில் "பாதை" என்றால் நடக்கிற வழி மட்டும் இல்லை, ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு கிழக்கே எழுவான்கரைக்கும் மேற்கே படுவான்கரைக்கும் இடையே போகும் மிதவைக்கும் அதுதான் பெயர். மண்முனையில் 2014இல் பாலம் வந்துவிட்டது. குருமண்வெளி, மண்டூர்ப் பக்கத்து மக்களுக்குப் பாதைதான் பாலம். அந்தத் தடத்தில் ஒரு படகு கிடந்தால் அது மீனவர் பிரச்சினையாக மட்டும் நிற்காது. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பிரச்சினையும் ஆகிவிடும்.

மண்ணெண்ணெய், டீசல், இஞ்சின் எண்ணெய், மின்கலத்துக்குள் இருக்கும் ஈயமும் அமிலமும், அடிப்பாகத்தில் பாசி பிடிக்காமல் இருக்கப் பூசும் செம்பு கலந்த வண்ணம் என்று படகோடு சேர்ந்து மூழ்கும் பொருட்களின் பட்டியல் நீளமானது. இவை மெதுவாகக் கசியும். தொட்டி ஒரே நாளில் உடைந்தால் கண்ணுக்குத் தெரியும், ஆட்கள் ஓடி வருவார்கள். துரு ஏறி ஏறி மூன்றாம் வருடம் கசிவதை யார் கவனிக்கிறார்கள்?

யாருடைய படகு?

மூழ்கிய படகு குப்பை இல்லை. நீருக்குள் போனதால் உரிமை நீரில் கரைந்துவிடாது. இலங்கையில் மீன்பிடிப் படகுகள் 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளச் சட்டத்தின்கீழ் பதிவு செய்யப்பட வேண்டும். பதிவு எண் படகின் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கும். ஆகவே முதல் வேலை தூக்குவது இல்லை, வாசிப்பது. பாசியைத் துடைத்து எண்ணைப் படித்து, படம் எடுத்து, மீனவர் சங்கத்திலும் கிராம உத்தியோகத்தரிடமும் சொல்ல வேண்டும். கோயிலிலும் பள்ளிவாசலிலும் ஒலிபெருக்கியில் அறிவித்தால் எந்தக் கடிதத்தையும்விட வேகமாகச் செய்தி போகும்.

உரிமையாளர் யாரென்று தெரிந்தும் படகு மாதக்கணக்கில் அடியில் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். வெளியில் நிற்பவர்கள் அதைச் சோம்பல் என்பார்கள். பல நேரம் காரணம் வேறு. நட்டஈட்டுக்கோ காப்புறுதிக்கோ எழுதிப் போட்டிருப்பார், அதிகாரி வந்து பார்ப்பதற்கு முன் தூக்கினால் "உங்கள் படகு மூழ்கியதற்கு என்ன சாட்சி?" என்ற கேள்வி வரும் என்று பயப்படுவார். நாள் ஆக ஆக உள்ளே சேறு நிறைகிறது, இஞ்சினை உப்பு தின்கிறது. முதல் வாரத்தில் தூக்கியிருந்தால் இஞ்சினை நல்ல நீரில் கழுவி, எண்ணெய் மாற்றிக் காப்பாற்றியிருக்கலாம். மூன்று மாதம் கழித்துத் தூக்கினால் அது அலுமினியக் கட்டி. என் கருத்தில் புயலுக்குப் பிறகு முதலில் அனுப்ப வேண்டியது பாரந்தூக்கியை இல்லை. புகைப்படக் கருவியும் பதிவேடும் கொண்ட இரண்டு பேரை ஒரு தோணியில் அனுப்ப வேண்டும். அவர்கள் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால், பாதிப் படகுகளை உரிமையாளர்களே தூக்கிக்கொள்வார்கள்.

உண்மையிலேயே கைவிடப்பட்ட படகு என்பது வேறு. எண் அழிந்திருக்கும், உரிமையாளர் இறந்திருப்பார் அல்லது வெளிநாடு போயிருப்பார், அல்லது தூக்கும் செலவு படகின் விலையைவிடக் கூடி "எனக்கு வேண்டாம்" என்று சொல்லியிருப்பார். உலகம் முழுக்க இந்தக் கடைசி வகைதான் தலைவலி. அமெரிக்காவின் புளோரிடாவில், மூழ்குவதற்கு முன்பே பழைய படகை உரிமையாளர் அரசிடம் விரும்பி ஒப்படைக்கும் திட்டம் ஒன்று இருக்கிறது. பிரான்சில் 2019 முதல் படகு தயாரிப்பவர்களே பழைய படகை அகற்றும் செலவில் பங்கு ஏற்கிறார்கள். நம்மிடம் பெரிய கப்பல்களுக்குச் சட்டங்கள் பேசும் அளவுக்குப் பதினெட்டடிப் படகைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

பெயர் தெரியும்வரை செய்யக்கூடிய ஒரு வேலை உண்டு. படகு கிடக்கும் இடத்தில் நீளமான கம்பு ஒன்றை நட்டு, மேலே சிவப்புத் துணி கட்டி, இரவில் வெளிச்சம் பட்டால் மின்னும் ஒட்டுத்தாளை அதில் சுற்ற வேண்டும். செலவு சில நூறு ரூபாய். தூக்குவதற்கு ஆறு மாதம் ஆனாலும் பரவாயில்லை, கம்பு அன்றைக்கே நட்டாக வேண்டும்.

இனி தூக்கலாம்

வெறும் ஓடு, அதாவது இஞ்சின் இல்லாத படகின் உடல், 400 கிலோ எடையுள்ள பைபர் படகு ஒன்றை எடுத்துக்கொள்வோம். நீருக்குள் ஒரு பொருள் எவ்வளவு நீரை விலக்குகிறதோ அந்த நீரின் எடை அளவுக்கு அதன் பாரம் குறையும். பள்ளிக்கூடத்தில் படித்த ஆர்க்கிமிடீஸ் விதி இதுதான். பைபர் நீரைப்போல் ஒன்றரை மடங்குக்குச் சற்று அதிகமான அடர்த்தி உடையது. கணக்குப் போட்டால் 400 கிலோ படகு நீருக்கடியில் 150 கிலோ அளவில்தான் பாரம் காட்டும். நான்கு பேர் அசைத்துவிடலாம்.

அதே படகை அப்படியே பாரந்தூக்கியில் கட்டி நீருக்கு மேலே எடுத்துப் பாருங்கள். உள்ளே ஏறத்தாழ 3,000 லீற்றர் நீர் நிற்கிறது. 3 டன். கிணற்று வாளி நினைவிருக்கிறதா? படகு உடைவது இந்த இடத்தில்தான். படகின் ஓடு வெளியிலிருந்து வரும் அழுத்தத்தைத் தாங்கும்படி செய்யப்பட்டது. உள்ளிருந்து 3 டன் தள்ளுவதைத் தாங்க இல்லை. ஆகவே மூழ்கிய படகைத் தூக்குவது என்பதே ஒரு பிழையான சொல். விளிம்பு நீர்மட்டத்துக்கு நான்கு விரல் மேலே வரும்வரை உயர்த்தினால் போதும். அங்கே நிறுத்திவிட்டு, வயலுக்கு நீர் இறைக்கும் பம்பை உள்ளே விட வேண்டும். நிமிடத்துக்கு 500 லீற்றர் இறைக்கும் சாதாரண பம்ப் ஒன்று ஆறேழு நிமிடத்தில் அந்த 3 டன்னையும் வெளியே கொட்டிவிடும். மீதி வேலையைப் படகே பார்த்துக்கொள்ளும், தானாக மிதக்கும்.

அந்த நான்கு விரல் உயரத்துக்குக் கொண்டுவர என்ன செய்வது? பீப்பாய். 200 லீற்றர் இரும்புப் பீப்பாயின் சொந்த எடை இருபது கிலோ அளவு. நீருக்கடியில் அதற்குள் காற்று நிரம்பினால் ஏறத்தாழ 180 கிலோவை மேலே இழுக்கும். நீர் நிரப்பிய பீப்பாய்களைப் படகின் இருபுறமும் தாழ்த்தி, படகின் அடியால் முன்னும் பின்னுமாக இரண்டு அகன்ற பட்டிகளை ஓட்டி, அவற்றில் பீப்பாய்களைக் கட்ட வேண்டும். பிறகு குழாய் வழியாகக் காற்று அடித்தால், உள்ளே இருக்கும் நீர் அடித்துளையால் வெளியேறும். நான்கு பீப்பாய் என்றால் 720 கிலோ தூக்கும் வலு; ஓடு, இஞ்சின், கொஞ்சம் சேறு எல்லாவற்றுக்கும் போதும். இதற்கென்றே விற்கும் காற்றுப் பைகள் உண்டு, வசதியானவை, விலை அதிகம். ஆழ்கடலில் இந்த முறை ஆபத்தானது: மேலே வர வர அழுத்தம் குறைந்து உள்ளிருக்கும் காற்று விரியும், தூக்கும் வலு கூடிக்கொண்டே போகும், பொருள் கட்டுக்கடங்காமல் பாய்ந்து எழும். நம் வாவியின் ஓராள் ஆழத்தில் காற்று விரிவது மிகச் சொற்பம். ஆழமில்லாத வாவி என்று குறைப்பட்டுக்கொள்கிறோம், இந்த ஒரு வேலையில் அது நமக்கு உதவி.

இருபுறமும் சமமாகக் காற்று அடிக்க வேண்டும் என்பதைப் பெரிய எழுத்தில் எழுதலாம். பாதி நீர் உள்ள படகு, நிரம்பிய படகைவிடப் பொல்லாதது. ஒரு பக்கம் சிறிது சரிந்தால் உள்ளிருக்கும் நீரெல்லாம் அந்தப் பக்கம் ஓடும், இன்னும் சரியும், ஒரே புரட்டு. அருகில் நிற்பவர் அடியில் அகப்படுவார்.

சேறு விடாது

மேலே சொன்ன கணக்கெல்லாம் மணலில் கிடக்கும் படகுக்குத்தான் சரிவரும். வாவியின் அடி சேறு. ஒருமுறை ஓர் உழவு இயந்திரத்தைக் கொண்டுவந்து, மூழ்கிய படகின் அணியத்து வளையத்தில் கம்பிக் கயிறு கட்டி இழுத்ததைப் பார்த்தேன். கரையில் ஐம்பது பேர். இயந்திரம் முன்சில்லுத் தூக்கி உறுமியது. வளையம் கரைக்கு வந்தது. அதோடு ஒட்டிக்கொண்டு ஒரு முழ நீளப் பைபர்த் துண்டும் வந்தது. படகு அசையவில்லை.

படுவான்கரையில் வயல் செய்கிறவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். சேற்றில் புதைந்த காலை நேராக மேலே இழுத்தால் வராது என்பது அவர்களுக்குத் தெரியும். குதிகாலை இப்படியும் அப்படியும் திருப்பி, ஓரத்தால் கொஞ்சம் நீரை உள்ளே விட்டால் "பொளக்" என்று கழன்றுவிடும். படகும் பெரிய பாதம்தான். அதன் அடிக்கும் சேற்றுக்கும் இடையே நீர் புக இடமில்லாததால், மேலே இழுக்கும்போது அடியில் வெற்றிடம் உண்டாகப் பார்க்கிறது. மேலிருக்கும் நீரின் அழுத்தமும் அதற்கும் மேலுள்ள காற்றின் அழுத்தமும் சேர்ந்து படகைக் கீழே அமுக்குகின்றன. இழுக்க இழுக்க இறுகும். ஆகவே வலு கூட்டுவது வழி இல்லை, நீர் புக வழி செய்வதே வழி. பம்பின் வெளிக்குழாயில் ஒடுங்கிய முனை பூட்டி, படகின் ஓரமாகச் சேற்றுக்குள் செலுத்தி நீரைப் பீய்ச்ச வேண்டும். அணியம், பின்பக்கம் இரண்டில் ஒரு முனையை மட்டும் முதலில் கிளப்ப வேண்டும். பீப்பாய்களில் பாதிக் காற்றை அடித்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகலாம். மெதுவான, விடாத இழுப்புக்குச் சேறு இளகும், அவசர இழுப்புக்கு இளகாது.

இவற்றைச் செய்ய நல்ல காலம் எது? இங்கே முகத்துவாரம் வருகிறது. வாவிக்குக் கடலோடு இரண்டு வாய்: பாலமீன்மடுவில் ஒன்று, கல்லாற்றில் ஒன்று. கோடையில் மணல்திட்டு வளர்ந்து வாயை அடைக்கும். மாரி வெள்ளம் ஏறும்போது அதை வெட்டிவிடுவார்கள். வயல்காரர் சீக்கிரம் வெட்டச் சொல்வார், மீன்காரர் இப்போது வேண்டாம் என்பார். அந்த வழக்கு ஒவ்வொரு வருடமும் புதிதாக நடக்கும், அதற்குள் நான் போகவில்லை. வெட்டியதும் நீர் விரைவாக இறங்கும், ஓட்டமும் கடுமையாக இருக்கும். அந்த நாட்களில் நீரில் இறங்கக்கூடாது. ஓட்டம் அடங்கி, நீர் தாழ்ந்து நிற்கும் நாட்கள்தான் வேலைக்கு உகந்தவை. அதுவரை கண்ணில் படாத படகுகள் தாமாகவே தலை காட்டும். கலங்கலில் ஒன்றும் தெரியாது என்பதையும் முதலைகள் இருக்கும் வாவி என்பதையும் மறந்து யாரும் தனியாக மூழ்க வேண்டாம்.

நீருக்குள் செய்யும் வேலையில் வரிசை முக்கியம். எரிபொருள் தொட்டியும் மின்கலமும் முதலில், பிறகு சிக்கிய வலை, பிறகு இஞ்சின், கடைசியாக ஓடு. வாழைச்சேனைத் துறைமுகத்தில் நிற்பவை போன்ற, பல நாள் கடலில் தங்கி மீன்பிடிக்கும் பலநாள் படகுகளுக்கு இந்தப் பீப்பாய் வித்தை எடுபடாது. அவை பல டன் எடையுள்ளவை. மிதவைப் பாரந்தூக்கியும் பயிற்சி பெற்ற முக்குளிப்பவர்களும் வேண்டும்.

கரைக்கு வந்த பிறகு

கரை சேர்த்ததோடு வேலை முடிந்தது என்று படம் எடுத்துக்கொண்டு எல்லோரும் கலைந்துபோவார்கள். உடைந்த ஓடு கண்ணா மரங்களுக்கு நடுவே கிடக்கும். அடுத்த மழையில் அதில் நீர் தேங்கும், நுளம்பு பெருகும், டெங்கு வரும். வாவியின் பிரச்சினை சுகாதாரப் பரிசோதகரின் பிரச்சினையாக மாறியதைத் தவிர வேறொன்றும் நடந்திருக்காது.

மரத் தோணி என்றால் கவலை குறைவு. விறகாகும், இல்லையென்றால் மக்கும். பைபர் மக்காது, உருகவும் உருகாது. பிளாஸ்ரிக் வாளியை உருக்கி இன்னொரு வாளி வார்க்கலாம். கண்ணாடி இழையும் பிசினும் இறுகிப்போன இந்தப் பொருளை அப்படிச் செய்ய முடியாது. பலர் மண்ணெண்ணெய் ஊற்றி எரிக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்: கரும்புகை நச்சு, எரிந்து மிஞ்சும் கண்ணாடி இழை காற்றில் பறந்து தோலிலும் மூச்சிலும் போகும். துண்டு போடுவதென்றால் நீர் ஊற்றி ஊற்றி அறுக்க வேண்டும், முகமூடி கட்டாயம். சில நாடுகளில் அந்தத் துண்டுகளைச் சீமெந்து உலைகளில் பயன்படுத்துகிறார்கள். பிசின் எரிபொருளாகும், கண்ணாடி சீமெந்தோடு சேர்ந்துவிடும். அந்த வசதி எட்டாத இடத்தில் ஒதுக்குப்புறமாகப் புதைப்பதுதான் மிச்சமுள்ள வழி, அதுவும் மாநகர சபையோ பிரதேச சபையோ காட்டும் இடத்தில்.

கடலுக்குக் கொண்டுபோய் மூழ்கடித்தால் மீன் குடியிருக்காதா என்று ஒருவர் கேட்டார். 2021இல் பழைய பஸ்களை வடகடலில் இறக்கியதைப் பார்த்துவிட்டுக் கேட்டிருப்பார். மீன் வீடு கனமாக, அசையாமல் இருக்க வேண்டும். பைபர் ஓடு ஒரு புயலில் பெயர்ந்து, உடைந்து, சில்லுச் சில்லாகக் கரைக்கே திரும்பி வரும். மாறாக, எடுக்கவே கூடாத கலங்களும் உண்டு. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரித்தானியாவின் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் ஐம்பது மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் கிடக்கிறது. நூற்றுக்கணக்கானவர்கள் அதோடு மாண்டார்கள். அது கல்லறை, மீன்களும் முக்குளிப்பவர்களும் போய்வரலாம், பாரந்தூக்கி போகக்கூடாது.

ஐப்பசி பிறப்பதற்குள் படகைக் கரையேற்றி வைப்பவர்கள் இவ்வளவையும் வாசிக்கத் தேவையில்லை. அவர்கள் செய்வது ஒன்றுதான்: பின்பக்கத்தில் நீர் வடியும் துளையின் தக்கையைக் கழற்றிவிடுவார்கள். எவ்வளவு மழை பெய்தாலும் உள்ளே தங்காது. வாவியிலேயே நிறுத்த வேண்டியவர்கள் கயிற்றை நான்கடி நீளம் கூட்டிக் கட்டுவார்கள், இஞ்சினைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். கழற்றிய தக்கையை எங்கே வைத்தோம் என்று தை மாதத்தில் வீடு முழுக்கத் தேடுவது வேறு கதை.